சுற்றாத ஊசி

அத்தியாயம் 4

கலையரசனுடைய தாயாரின் பெயர் மேல் சாணி வழிந்துகொண்டிருந்தது.

பலகையில் மருமகள் சந்தியாவின் பெயரும் பட்டமும் கீழே சின்ன எழுத்தில்தான் இருந்தன. மேலே, சிவப்பில், ஆள் உயரத்துக்கு ‘பெரியம்மாள் பல் மருத்துவமனை’ என்று எழுதச் சொன்னவர் கலையரசன். எறிந்தவன் சரியாக அந்தப் பெயரைக் குறி பார்த்திருக்கிறான். முப்பத்து மூன்று வருடம் காக்கிச் சட்டை போட்டு, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, கள்ளக்குறிச்சியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்தும் மனிதர் அவர். அறுபத்தாறு வயதிலும் முதுகு வளையவில்லை. ஆனால் இன்று காலை அந்தப் பலகையைப் பார்த்தபோது மீசை துடித்தது.

“எவன்டா அது?”

வாசலில் நின்றிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் சட்டென்று திரும்பினார்கள். எல்லோரும் கல்வராயன் மலையிலிருந்து பிக்கப் வண்டியில் இறங்கி வந்தவர்கள். அவர்களில் ஓர் இளைஞன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான்.

“நான்தான். இன்னா இப்போ? சாணிய பாத்து இவ்ளோ கோவம் வருதே, எங்கம்மா மூஞ்ச பாருய்யா மொதல்ல!”

செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் ஒரு நடுத்தர வயதுப் பெண். வலது கண் மூடிவிட்டது. கன்னம் உப்பி, கருநீலம் கழுத்து வரை இறங்கியிருந்தது.

“வெள்ளிக்கிழம இந்த ஆஸ்பத்திரிலதான் பல்லுக்குள்ள இன்னாத்தயோ ஊத்தி அனுப்பினாங்க. இப்ப வந்து கேட்டா, உங்கம்மா அன்னிக்கு வரவே இல்லன்றாங்க!”

“வெள்ளிக்கிழம டாக்டரம்மா ஊர்லயே இல்ல. விழுப்புரத்துல மீட்டிங். உன் பேரு இன்னா?”

“அஜித்து. கரியாலூரு.”

“கேட்டுக்கோ அஜித்து. இன்னிக்கே உங்க ஊருக்கு நான் வரேன். உங்கம்மா சொல்றது பொய்யின்னா, எங்கம்மா பேர உன் கையாலயே கழுவ வெப்பேன். என் வூட்டு ஆளு தப்புன்னா, அந்த ஆள உங்க வாசல்ல கொண்டாந்து நானே நிறுத்துவேன்.”

“பாக்கலாம்யா” என்றான் அஜித்.

உள்ளே சந்தியா அழவில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் வீசிய வேகத்தில் அவள் கோபம் தெரிந்தது.

“மாமா, போட்டோ நானும் பாத்தேன். அது எங்க மருந்து பண்ண வேலதான். சந்தேகமே இல்ல. ஆனா நான் பண்ணல.”

“புரியற மாதிரி சொல்லும்மா.”

“பல்லோட வேருக்குள்ள முடி மாதிரி ஒரு பாதை இருக்கும். சொத்தை உள்ள போய்டுச்சுன்னா அத சுத்தம் பண்ணணும். கம்பி மாதிரி ஒரு அரம் வச்சு சுரண்டுவோம். ஆனா அந்தப் பாதை நேரா இருக்காது. மூலைக்கு மூலை கிளை பிரியும். அங்கல்லாம் அரம் போகாது. அதுக்குத்தான் இந்த மிஷின்.”

நாற்காலியோரம் மாட்டியிருந்த பேனா போன்ற கருவியைக் காட்டினாள். அதன் நுனியில் மெல்லிய ஊசி ஒன்று இருந்தது.

“வேர்க்குள்ள மருந்த நிரப்பி, இந்த ஊசிய அதுல நிறுத்துவோம். காதுக்குக் கேக்காத வேகத்துல அது அதிரும். உள்ள இருக்கற மருந்து கொந்தளிச்சு, அரம் போகாத எடத்துல இருக்கற அழுக்கெல்லாம் கழண்டு வந்துடும். அந்த மருந்து இருக்கே, துணிய வெளுக்கறாங்களே, அந்த பிளீச்சிங் தண்ணியோட தம்பி. வேர் நுனிய தாண்டி ஒரு துளி போனாலும் சதைய வேக வச்சிடும். அதனாலதான் பல்ல மட்டும் வெளிய விட்டு, வாய் பூரா ரப்பர் சீட்டு போட்டு மூடாம நான் ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். அந்தப் பையனோட அம்மா செல்லியம்மாளுக்கு முதல் தடவ வந்தப்ப அரம் போட்டு சுரண்டினதோட சரி. மிஷின் வைக்கிறது ரெண்டாவது தடவ. அதுதான் வெள்ளிக்கிழம. நான் இல்லாததால தள்ளிப் போடச் சொல்லிட்டேன்.”

“யார்கிட்ட சொன்ன?”

“என்கிட்டதாம்ப்பா” என்றபடி மகன் சந்தோஷ் வந்தான். மருத்துவமனையின் நிர்வாகம் அவனுடையது. ஆள் குறைந்த நாட்களில் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று மனைவிக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். “வெள்ளிக்கிழம நான் தொறக்கவே இல்ல. நர்சுக்கும் லீவு குடுத்துட்டு நைனார்பாளையம் போய்ட்டேன். நோட்டுல கூட எழுதி வச்சிருக்கேன், பாருங்க.”

நோட்டை நீட்டினான். வலது கையால் நீட்டினான். இடது கை விரல்கள் வலது முழங்கையைத் தொட்டிருந்தன. பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்பது கலையரசன் வீட்டுச் சட்டம். அந்த அவசரத்திலும் அது அவருக்குத் திருப்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், ‘செல்லியம்மாள், கரியாலூர் – வரவில்லை’ என்று மகனின் கையெழுத்து.

கலையரசன் நோட்டை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “பலகைய யாரும் தொடாதீங்க. அந்தப் பயதான் வந்து கழுவணும்.”

அவருடைய உதவியாளர் பூமாலை ஆம்னி வேனோடு காத்திருந்தார். போலீஸ் ஜீப் ஓட்டிய காலத்திலிருந்தே கூட இருப்பவர். மூன்று வாரமாகப் பல்வலி. சந்தியாவிடம் காட்டப் பயந்து வாயில் கிராம்பு அடக்கிக்கொண்டிருந்தார்.

கலையரசன் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

“ஐயா, கோவம் அவங்க மேலன்னா அவங்கள அறைங்க. இந்தக் கதவு ஒத்தக் கீல்ல தொங்கினு இருக்குது. என் பொண்டாட்டியே இத மட்டும்தான் மரியாதையா சாத்துவா.”

“மலைக்கு வுடு.”

“காலைல நாஷ்டா?”

“பொய் சொன்னவள பாத்துட்டு சாப்புடறேன்.”

“அப்ப எனக்கும் பட்டினிதான். பரவால்ல, மெல்லற பல்லும் லீவுதான்.”

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை பின்னால் போய், வளைவுகளில் வேன் முனகிக்கொண்டு ஏறியது. வழி முழுக்கக் கலையரசன் பேசிக்கொண்டே வந்தார். எவனோ போலி டாக்டரிடம் போய் முகத்தைக் கெடுத்துக்கொண்டு, நல்ல குடும்பத்தின் வாசலில் வந்து சாணி அடிக்கிறார்கள். எல்லாம் செல்போன் கொடுத்த தைரியம். பூமாலை ஒரு வளைவு விட்டு ஒரு வளைவுக்கு “ஆமாங்க” போட்டார்.

கரியாலூரில் மரவள்ளிக் கொல்லையை ஒட்டி இருந்தது வீடு. அஜித்தின் பிக்கப் ஏற்கெனவே வந்து நின்றது. செல்லியம்மாள் வாசலில் உட்கார்ந்து கல்லால் கடுக்காய் தட்டிக்கொண்டிருந்தாள். போட்டோவில் இருந்ததைவிட வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. கருநீலம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. பேச்சு வாயின் ஒரு பக்கத்திலிருந்துதான் வந்தது.

“ஒக்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறமா திட்டலாம், நான் எங்க போப்போறேன்?”

கலையரசன் உட்காரவில்லை. நோட்டைப் பிரித்துக் காட்டினார். “வெள்ளிக்கிழம நீ வரலன்னு இதுல எழுதியிருக்கு.”

“எழுதனவருக்குக் கண்ணு தெரியாதா? காலைல மொத வண்டி புடிச்சு எறங்கனேன். அதே ஆஸ்பத்திரி. அதே பச்ச நாற்காலி. டாக்டரம்மா மட்டும் இல்ல. ஆம்பள டாக்டரு. தலைக்குத் தொப்பி, மூஞ்சிக்கு முகமூடி. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது.”

கலையரசன் வெடித்தார். “என் மருமவ ஆஸ்பத்திரில ஆம்பள டாக்டரே கெடையாது! யோவ் பூமாலை, கேட்டியா?”

“கேட்டேங்க. பஸ் ஸ்டாண்டாண்ட பல்லு படம் மாட்டி வச்சிருக்கற எவனோ ஒருத்தன். கேசு முடிஞ்சுது, நாஷ்டாவுக்குப் போலாம்.”

“எங்கம்மா பொய் சொல்லாது!” அஜித் பாய்ந்து வந்தான். தாய் ஒரு கையை உயர்த்தினாள். அவன் நின்றான்.

“அன்னிக்குக் கட்டியிருந்த பொடவைய எடுத்தாந்து காட்டுடா” என்றாள்.

கரும்பச்சைப் புடவை. முந்தானையில் நாலைந்து இடத்தில் சாயம் போய், பொட்டுப் பொட்டாக வெளுத்திருந்தது. கலையரசனின் முகம் மலர்ந்தது.

“இதோ! ரப்பர் சீட்டு போட்டிருந்தா ஒரு சொட்டு கீழ விழுமா? சந்தியா போடாம செய்யவே மாட்டா. இது வேற எடம், வேற ஆளு.”

இன்னும் ஓர் ஆணி அடித்தால் பெட்டி மூடிவிடும். போலீஸ் மூளை அந்த ஆணியை எடுத்துக் கொடுத்தது. குரலைச் சாதுவாக்கிக்கொண்டு கேட்டார்.

“சரிம்மா. பல்லுக்குள்ள ஊசி ஒண்ணு வுட்டாருல்ல? அது வேகமா சுத்துச்சா, மெதுவா சுத்துச்சா?”

எதைச் சொன்னாலும் பொய். மிஷினைப் பார்க்காதவள் இரண்டில் ஒன்றைச் சொல்வாள்.

செல்லியம்மாள் கடுக்காயைக் கீழே வைத்தாள்.

“சுத்தவே இல்லீங்களே. மொத தடவ அம்மா துளை போட்டாங்களே, அதுதான் கிர்ருனு சுத்துச்சு. இது பேனா மாதிரி. வாயில வைக்கறதுக்கு முன்னால ஒரு எவர்சில்வர் கிண்ணத்துத் தண்ணில நுனிய வச்சுப் பாத்தாரு. ஊசி அசையறதே தெரியல. தண்ணி மட்டும் பொகை மாதிரி தெறிச்சுது. கொதிக்குதோன்னு பயந்தேன். தொட்டுப் பாரும்மா, சில்லுனு இருக்கும்னாரு. சில்லுனுதான் இருந்துச்சு. அப்புறம் வாயில வச்சதும் காதாண்ட வண்டு பறக்கற மாதிரி ஒரு சத்தம். அப்புறமா இன்னும் கொஞ்சம் மருந்துன்னு சிரிஞ்சிய அழுத்தனாரு பாருங்க, அதுலதான் கண்ணுக்குள்ள நெருப்ப வச்ச மாதிரி ஆச்சு. அலறிட்டேன்.”

கலையரசன் மெதுவாக உட்கார்ந்தார்.

அந்த மிஷின் இரண்டாவது தடவைதான் வரும். வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் படுக்காதவளுக்கு இது தெரிய வழியே இல்லை.

“பூட்ட ஒடச்சு உள்ள பூந்து, பல்லு கழுவிட்டுப் போற திருடன இப்பதான் மொத மொதல்ல கேள்விப்படறேன்” என்று முணுமுணுத்தார் பூமாலை.

அஜித் கையைக் கட்டிக்கொண்டான். “இப்ப இன்னா சொல்ற?”

கலையரசன் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீங்கியிருப்பது வலது கன்னம். வெளுத்த புள்ளிகள் விழுந்திருப்பது இடது தோள் பக்கம். வலக்கைக்காரன் வலப்பக்கம் நின்று வேலை செய்தால், சிரிஞ்சியை எடுக்கும்போது சொட்டு வலது தோளில் அல்லவா விழ வேண்டும்?

“அந்த ஆளு எந்தப் பக்கம் நின்னாருமா?”

“அம்மா சோத்துக் கை பக்கம் ஒக்காருவாங்க. இவரு சுத்திக்கினு வந்து எடது பக்கம் நின்னாரு. ஊசிய எடது கைலதான் புடிச்சிருந்தாரு.” செல்லியம்மாள் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். “ஒண்ணு சொல்லணுங்க. வேல தெரியல, ஆனா வளப்பு நல்ல வளப்பு. நான் அலறுனதும் அந்தப் புள்ளைக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. மாத்திரைய எடது கைல எடுத்தவரு, அப்டியே நீட்டல. சோத்துக் கைக்கு மாத்தி, முழங்கையத் தொட்டுக்கினு குடுத்தாரு. மலையாளுங்களுக்கு யாருங்க அப்டி மரியாதையா குடுக்கறாங்க? யாரோ பெரிய மனுசன் வூட்டுப் புள்ளதான் அது.”

கடுக்காய்க் கல்லின் சத்தம் மறுபடி கேட்டது.

கலையரசன் எழுந்தார். “சாயங்காலத்துக்குள்ள வரேன்” என்றார். அஜித் ஏதோ கேட்டான். அவர் காதில் விழவில்லை.

ஐந்து வயதுப் பையனின் இடது கையைத் துண்டால் பெஞ்சுக் காலோடு கட்டிப் போட்டு, அவன் அழ அழ வலது கையால் சோறு பிசைய வைத்த இரண்டு மாதம் கண் முன்னால் வந்தது. அதோடு சாப்பாடும், எழுத்தும், கொடுப்பதும் வாங்குவதும் வலது கைக்கு மாறிவிட்டன. அவசரத்தில், தனியாக இருக்கும்போது மட்டும் பழைய கை முந்திக்கொள்ளும். ஊரில் யாருக்கும் தெரியாது. தாலி கட்டிக்கொண்டு வந்தவளுக்குக்கூடத் தெரியுமோ என்னவோ. கட்டிப் போட்டவருக்குத் தெரியும்.

வேன் இறங்கத் தொடங்கியது. பூமாலை மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஓட்டியபடி பேசினார்.

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அந்தத் திருடன வுடுங்க. இந்த நோட்டுதான் எனக்குப் புரியல. தம்பி கடையே தொறக்கலன்னாரு. பூட்டிக் கெடந்த எடத்துக்கு ஒருத்தரு வரலன்னு எப்டிங்க தெரியும்? நான் கூடத்தான் வெள்ளிக்கிழம வரல. என் பேர எழுதலியே?”

சொல்லி முடித்துச் சிரிக்கப் போனவர், கலையரசனின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இடது கை, முழங்கை, பெரிய மனிதன் வீட்டுப் பிள்ளை. ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது.

இரண்டு வளைவு தாண்டியதும் பூமாலை குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, நான் ஒண்ணும் கேக்கல. முகமூடி போட்டிருந்தவன யாரு அடையாளம் காட்டப் போறாங்க? நோட்டும் நம்ம கைல இருக்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா...”

“வண்டிய நிறுத்து!”

வேன் நின்றது. கலையரசன் பூமாலையின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். முப்பது வருடத்தில் முதல் தடவை.

“இந்த வார்த்தைய வேற எவனாவது சொல்லியிருந்தா மலை மேலேந்து உருட்டியிருப்பேன். எவ்ளோ பேரு புள்ளைங்கள இந்தக் கையால இழுத்தாந்து லாக்கப்புல போட்டிருக்கேன்? அப்பன்மாரு வந்து கால்ல வுழுவானுங்க. புள்ளைய இப்டியாய்யா வளப்பேன்னு அவனுங்கள கேப்பேன்யா! பத்துப் பேரு முன்னால வச்சு கேப்பேன்!”

காலரை விட்டார். கையைப் பார்த்துக்கொண்டார். “ஓட்டு.”

பூமாலை ஓட்டினார். கிராம்பைத் துப்பிவிட்டார்.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல். சாணி பலகையிலேயே காய்ந்து வெடித்திருந்தது. கலையரசன் நேராக உள்ளே போய் அந்தப் பச்சை நாற்காலியில் சாய்ந்து படுத்தார். சந்தியாவும் சந்தோஷும் ஓடி வந்தார்கள்.

“அவ பொய் சொல்றாப்பா, இல்ல?” என்றான் சந்தோஷ்.

“ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அந்த மிஷின கிண்ணத்துத் தண்ணில வச்சு காட்டு. சீக்கிரம், சீக்கிரம், அவனுங்க திரும்ப வந்துனு இருக்கானுங்க!”

அவசரப்படுத்தியதும் சந்தோஷ் கிண்ணத்தில் தண்ணீரைப் பிடித்தான், கருவியை எடுத்தான், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து நின்றான். ஊசி நுனி நீரில் பட்டது. புகை போல் தண்ணீர் தெறித்தது. வண்டு பறந்தது.

“அந்தப் பக்கம் எதுக்குப் போறீங்க?” என்றாள் சந்தியா. பிறகு அவள் பார்வை அவன் கையில் நின்றது. “எடது கைலயா? நீங்க எப்பங்க இத புடிச்சுப் பழகனீங்க?”

“இப்ப எனக்கு ஒரு மாத்திர குடு” என்றார் கலையரசன், கூரையைப் பார்த்தபடி.

சந்தோஷின் இடது கை தட்டிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தது. வழக்கம் அவனை அறியாமல் ஓடியது. வலது கைக்கு மாற்றினான். முழங்கையைத் தொட்டான். நீட்டினான். பாதியில் கை அப்படியே நின்றது.

“நல்ல வளப்புன்னு சொன்னாடா அந்தம்மா” என்றார் கலையரசன். “மூஞ்சி வெந்து போனவ சொன்னா.”

மாத்திரை தரையில் உருண்டது.

“அப்பா... மலையிலேந்து வந்துட்டாங்கப்பா. திரும்பிப் போங்கன்னு சொல்ல மனசு வரல. கழுவி வுடறதுதானேன்னு... நூறு வாட்டி பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்.”

“ரப்பர் சீட்டு?” சந்தியாவின் குரல் கத்தி போல் வந்தது.

“மாட்ட வரல. நேரமாச்சுன்னு...”

“காலைலேந்து அந்தப் போட்டோவ நான் பாத்துனு இருக்கேன். ஊரே எம்பேர் மேல துப்புது. நீங்க எனக்கு டீ போட்டுக் குடுத்துனு, ‘கவலப்படாத, அவங்க வரவே இல்ல’ன்னு சொல்லினு இருந்தீங்க!”

“குடும்பப் பேரு கெட்டுடுமேன்னுதான் சந்தியா...”

கலையரசன் நாற்காலியிலிருந்து இறங்கினார். கை ஓங்கியது. மகன் கண்ணை மூடிக்கொண்டான், ஐந்து வயதில் மூடியது போலவே. ஓங்கிய கை கீழே வந்தது.

“பேரு மேல சாணி இன்னிக்கு வுழுந்துதுன்னு நெனச்சேன்டா. வெள்ளிக்கிழமையே வுழுந்துடுச்சு. அடிச்சது நீ. வேன்ல ஏறு. மொதல்ல அவங்க வாசல். அப்புறம் ஸ்டேஷன். உனக்காக நான் யாருக்கும் போன் போட மாட்டேன்.”

சந்தியா பைக்குள் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். “நானும் வரேன் மாமா. அந்தப் பல்ல உடனே பாக்கணும். அவங்க என்ன கிட்ட வுடலன்னாலும், வாசல்ல நின்னு கேக்கறேன்.”

வெளியே, பலகையைப் பார்த்து ஒரு நொடி தயங்கினாள். “இத?”

“இருக்கட்டும். எல்லாம் முடிச்சுட்டு வந்து அவன் கழுவுவான். எந்தக் கையால வேணும்னாலும் கழுவட்டும்.”

சந்தோஷ் தலை கவிழ்ந்து பின் சீட்டில் உட்கார்ந்தான். கலையரசன் முன்னால் ஏறி, ஒற்றைக் கீல் கதவை மெதுவாகச் சாத்தினார். பூமாலை சாவியைத் திருகினார்.

நோட்டில் இருந்த கரியாலூர் எண்ணைச் செல்போனில் அழைத்தார்.

“அஜித்து? கலையரசன் பேசறேன். சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆள கூட்டினு வரேன். உங்க வாசல்ல நிறுத்தறேன்.”

“கெடச்சிட்டானா? எவன் சார் அவன்?” மலையிலிருந்து அஜித்தின் குரல் கொதித்தது. “எந்த வூட்டுக்காரன்?”

முன் கண்ணாடியில், தாயாரின் பெயர் பாதி மறைந்து தெரிந்தது. கலையரசன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

“என் வூட்டுக்காரன்” என்றார். “என் புள்ள.”